கத்தாத கமலை

நோயாளியின் நாடியைவிடத் தன் பெயர்ப்பலகையை அதிகம் தொட்டுத் துடைக்கிற டாக்டர் ஒருவர் திண்டுக்கல்லில் உண்டென்றால் அது ரத வீதி டாக்டர் கஜேந்திரன்தான். அன்று காலை அவர் துப்பறியும் சிங்கராயருக்கும் அவருடைய உதவியாள் மீரானுக்கும் மூளையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கையில் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டு ஒன்று இருந்தது.

"இதுதான் மூளைக்குப் போற ரத்தக்குழாய்னு வச்சுக்குங்க. பங்குனி உத்திரம் வரைக்கும் பெருமாள்சாமிக்கு இது சுத்தமா இருந்துச்சு. உத்திரத்தன்னைக்கு..." என்று சொல்லி ட்யூபை இரண்டு விரலால் நசுக்கினார். "டப்புன்னு அடைச்சிருச்சு. ஞாபகம் போச்சு. அதுக்கு முந்தி ஆளு படு தெளிவு. அதனால தை மாசம் அவர் போட்ட கையெழுத்து புத்தியோட போட்ட கையெழுத்து. சர்டிபிகேட்டும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்."

சிங்கராயர் தலையை ஆட்டினார். அவர் இப்படிச் சாதுவாகத் தலையாட்டினால் எதிரில் இருப்பவருக்கு நேரம் சரியில்லை என்று மீரானுக்குத் தெரியும்.

"உத்திரத்துக்கு முந்தி அவரை நீங்க பாத்திருக்கீங்களா டாக்டர்?"

"பாக்கணும்னு அவசியமில்லையே. கூட்டிட்டு வந்தவர் எல்லாம் விவரமாச் சொன்னார்."

"கூட்டிட்டு வந்தவர் யாரு?"

"அவரோட அண்ணன் மகன் உடையப்பன்."

"கையெழுத்தால தோட்டம் யாருக்குப் போகுது?"

டாக்டர் ட்யூபைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அதே உடையப்பனுக்குத்தான் டாக்டர்," என்றான் மீரான். "அந்த ட்யூபைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா நல்லது. எங்க சைக்கிள்ல பின்வீலுக்கு ஒண்ணு கொறையுது."

படித்தவர்கள் புளுகும்போது எவ்வளவு சுத்தமாகப் புளுகுகிறார்கள் என்று வியந்துகொண்டே மீரான் படியிறங்கினான். அவனுக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. கன்னிவாடிப் பக்கத்துப் பெருமாள்சாமிக்குத் தென்னையும் தக்காளியுமாக ஒரு தோட்டம். உடன் இருப்பவர்கள் தாலியறுத்த மகள் ராமுத்தாயும் கல்யாண வயதில் நிற்கும் பேத்தியும். உத்திரத்துக்குப் பழனிக்குப் போன இடத்தில் மனுஷன் வந்த வழி தெரியாமல் கூட்டத்தில் திகைத்து நின்றார். அன்றுதான் அவருக்கு ஞாபகம் தப்பியது ஊருக்குத் தெரிந்தது. உடனே உடையப்பன், பல வருஷமாகச் சித்தப்பன் வீட்டு வாசலை மிதிக்காத அந்த உத்தமன், ஒரு பத்திரத்தோடு வந்து நின்றான். தை மாதமே சித்தப்பா மனசாரத் தோட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டாராம். மறுநாள் காலையில் நாட்டாமை சோலைமுத்து ஊரைக் கூட்டித் தோட்டத்திலேயே முடிவு சொல்லப்போகிறார். டாக்டர் சர்டிபிகேட் செல்லுமென்றால் ராமுத்தாய் மகளையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

இதில் கூத்து என்னவென்றால், சிங்கராயரிடம் வந்து காலில் விழாத குறையாக அழுத அதே ராமுத்தாய், "தையில அப்பா எப்படிம்மா இருந்தார்?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்தாருங்கய்யா," என்கிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் கட்சிக்காரியை மீரான் இதற்குமுன் கண்டதில்லை.

"நம்ம கேஸையும் அவன் கேஸையும் அந்தம்மாவே நடத்துது அண்ணே," என்றான். "நாம எதுக்கு நடுவுல?"

"பொறு. இன்னொரு டாக்டரைப் பாத்துட்டுப் போவோம்."

அந்த இன்னொரு டாக்டர் ஆனந்தமேரி. மிஷன் ஆஸ்பத்திரியில் நின்ற வாக்கிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். போன வாரம் ராமுத்தாய் ரகசியமாகத் தகப்பனை இவரிடம் காட்டியிருந்தாள்.

"கஜேந்திரன் ட்யூபைக் காட்டினாரா? எல்லாருக்கும் அதே ட்யூபுதான்," என்று சிரித்தார் ஆனந்தமேரி. "ஒரே நாள்ல குழாய் அடைச்சுக்கிறதும் உண்டுதான். அப்படி அடைச்சா பெரும்பாலும் கை இழுக்கும், வாய் கோணும், நடை தள்ளாடும். இந்த மனுஷன் ஜம்முனு நடந்து வந்தார். ரத்தக் கொதிப்பும் இல்லை. இன்னும் அறுபதுகூட ஆகலை. இது வேற."

"வேறன்னா?"

"அல்ஸைமர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்ச நோயின்னு நினைக்கிறேன். எங்க புத்தகத்துல அதுக்கு நாலு வரிதான் இருக்கு. அதுலயும் ரத்தக்குழாய் கெடும். மூளைக்குள்ள நூல் நூலா ஓடுற சின்னக் குழாய்கள் இருக்கில்ல, அதோட சுவர்ல மாவுப்பசை மாதிரி ஒண்ணு படியும். குழாய் விறைச்சுப் போகும், சில இடத்துல குறுகும், சில இடத்துல கசியும். எந்த மூலைக்கு ரத்தம் வேணுமோ அந்த மூலைக்கு வேண்டிய மட்டும் போகாது. செத்தவங்க மூளையை அறுத்துப் பாத்தவங்க எழுதியிருக்காங்க. குழாய் கெட்டு மூளை கெடுதா, மூளை கெட்டுக் குழாய் கெடுதான்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணு நிச்சயம். வாய்க்கால்ல வண்டல் ஏறுற மாதிரி வருஷக்கணக்கா நடக்கிற காரியம் இது. உத்திரத்தன்னைக்கு டப்புன்னு அடைச்சதா சொல்றது சுத்தப் பேத்தல்."

"அப்போ தையிலயே அவருக்கு இது இருந்திருக்கும்?"

"அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தியே இருந்திருக்கும். ஆனா நான் பாத்தது போன வாரம். தையில எப்படி இருந்தார்னு சொல்றதுக்குத் தையில பாத்த கண்ணு வேணும். ஊர் பேரு, அப்பன் பேரு கேட்டா அவர் இன்னிக்கும் டாண்ணு சொல்வார். பழசு கடைசியாத்தான் போகும். பத்திர ஆபீஸ்ல அதைக் கேட்டுத்தான் ஏமாந்திருப்பாங்க." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொண்ணு. குழாயைத் திறக்கிற மாத்திரைன்னு கஜேந்திரன் உத்திரத்திலேருந்து குடுத்துக்கிட்டிருந்தது வெறும் தூக்க மாத்திரை. நிறுத்தச் சொல்லிட்டேன்."

கன்னிவாடி பஸ்ஸில் கோழிக்கூடைக்கும் ஒரு கிழவரின் முழங்கைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டே மீரான் கேட்டான். "தையில பாத்த கண்ணுக்கு எங்கே போறது அண்ணே?"

"கண்ணு இல்லாட்டி காது கிடைக்குதான்னு பாப்போம்," என்றார் சிங்கராயர்.

காது கிடைத்தது. ஒன்றல்ல, ஊர்க்காது முழுவதும் கிடைத்தது. ஆனால் அத்தனையும் உடையப்பன் பக்கம் நின்றது. வாய்க்கால் மதகடியில் கத்தரிக்காய் கூறு கட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள் கையை நீட்டி முழக்கினாள்.

"பெருமாள்சாமிக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உத்திரம் வரைக்கும் நாங்க முழிச்சதே அவரு கமலைப் பாட்டுலதானய்யா! இருட்டுப் பிரியிறதுக்குள்ள கமலையில மாட்டைப் பூட்டிக் கிணத்துத் தண்ணியை எறைக்க ஆரம்பிச்சிருவாரு. புத்தி கெட்டவன் கமலை ஓட்டுவானா? உத்திரத்துக்கப்புறம்தான் பாட்டுச் சத்தத்தையே காணோம்."

"தோட்டத்துலதான் மோட்டார் வந்திருச்சே?"

"வந்துச்சு, மூணு வருசமாச்சு. கரண்டு வரணுமில்ல? கரண்டு இல்லாத நேரத்துக்கு மாடு வச்சிருக்கோம்னு ராமுத்தாயி சொல்லுச்சு."

டீக்கடையிலும் அதே கதை. அரிசி மில் வாசலிலும் அதே கதை. எல்லோரும் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். வாய்க்காலைத் தாண்டிப் போய் ஒரு நடை பார்த்த புண்ணியவான் ஒருத்தரும் இல்லை. அடுத்தவன் வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்த ஊர் இது என்று மீரான் மனசுக்குள் காறித் துப்பினான்.

தோட்டத்தில் கிணற்றடி அமைதியாக இருந்தது. மோட்டார் ரூம் ஒரு பக்கம். மறுபக்கம் பழைய கமலை. மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கிப் பின்னோக்கி ஏறுகிற மண் சரிவு கிணற்றிலிருந்து நீண்டு கிடந்தது. சரிவின் இரண்டு ஓரமும் காய்ந்த புல்லும் நெருஞ்சியும். நடுவில் மட்டும் ஒரு ஆள் அகலத்துக்கு மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீரான் குனிந்து பார்த்தான். மனுஷக் கால் தடம் இருந்தது. குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை.

ஓரத்தில் தண்ணீர் மொள்ளும் இரும்புக் கூனை சாய்ந்து கிடந்தது. தண்ணீரை வெளியே விட அதன் அடியில் கட்டியிருந்த தோல் வாலை மீரான் தொட்டான். அவன் அத்தா பேகம்பூரில் தோல் வியாபாரி. சின்ன வயதிலிருந்து தோலில் புரண்டவன் கைக்கு இது தெரியாதா? நாள்தோறும் நனையும் தோல் மெத்தென்று இருக்கும். இது அப்பளமாக நொறுங்கியது.

"வாங்க பாய்! கூனைக்குத் தோலு கொண்டாந்தீகளா?"

நிமிர்ந்தான். பெருமாள்சாமி நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், முறுக்கேறிய கை, பளிச்சென்ற சிரிப்பு. பார்க்கிறவன் சத்தியமாக நோயாளி என்று சொல்லமாட்டான்.

"அடுத்த வாரம் கொண்டாறேன் பெரியவரே," என்றான் மீரான். கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தது அவனையறியாமல் மரியாதையாக வந்துவிட்டது.

சிங்கராயர் கமலைத் தூணில் இருந்த மர உருளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராமுத்தாயைக் கூப்பிட்டார்.

"மாடு எங்கேம்மா?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்குங்கய்யா."

"மாடு மேயப் போனா சாணியையுமா கூட்டிட்டுப் போகும்?" என்றான் மீரான். "தொழுவத்துல ஒரு பொட்டு சாணி இல்லையே அக்கா."

ராமுத்தாய் முந்தானை நுனியைத் திருகினாள். சிங்கராயர் அவளைத் தென்னை நிழலுக்குத் தள்ளிக் கூட்டிப்போய் மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனது. "வேணாங்கய்யா, வேணாம்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் குரல் மட்டும் மீரானுக்குக் கேட்டது. "சேவுகம்பட்டிக்காரங்க நாளைக்கு வாராங்க. எம்மகளைக் கேட்டு வந்த சம்பந்தம். இது தெரிஞ்சா பைத்தியக்கார வம்சம்னு போயிருவாங்க."

"தோட்டம் போனாலும் போயிருவாங்க," என்றார் சிங்கராயர். "நாளைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன், உன்கிட்ட இல்லை. அதுக்கப்புறம் பேசுறதும் பேசாததும் உன் இஷ்டம்."

மறுநாள் காலையில் தென்னந்தோப்பில் ஜமுக்காளம் விரித்து நாட்டாமை சோலைமுத்து உட்கார்ந்தார். ஊரே வந்திருந்தது. வாய்க்காலைத் தாண்டி ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கால்களெல்லாம் வேடிக்கை என்றதும் எப்படித்தான் வழி கண்டுபிடித்தனவோ! சேவுகம்பட்டிச் சம்பந்தக்காரர்கள் தனியாக நின்று தென்னைக் குலைகளை அண்ணாந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கஜேந்திரன் நாற்காலியோடு வந்து இறங்கியிருந்தார். உடையப்பன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றான்.

"சித்தப்பாவை என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார் நாட்டாமை.

"பழனியில ஒரு சத்திரத்துல விட்டுட்டா முருகன் பாத்துக்குவான்," என்றான் உடையப்பன். சொல்லிவிட்டுக் கண்ணை வேறு துடைத்துக்கொண்டான். மீரானுக்கு அந்தக் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று கை துறுதுறுத்தது.

சிங்கராயர் முன்னால் வந்தார். "தம்பி உடையப்பா, தை மாசம் உங்க சித்தப்பா தெளிவா இருந்தார்னு எப்படிச் சொல்றீங்க?"

"எப்படியா? ஊரையே கேளுங்க. பத்திரம் பதிஞ்ச அன்னிக்குக் காலையிலகூட, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுல படுத்திருந்த நான் என் காதால கேட்டேன். கமலை ஓட்டிக்கிட்டிருந்தாரு. கணீர்னு பாட்டு!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம்.

"சபாஷ். பாட்டு கேட்டுச்சு. உருளை கத்துச்சா?"

உடையப்பன் விழித்தான். "என்ன உருளை?"

"கமலை உருளை தம்பி. வடம் இழுபடும்போது அது போடுற கூச்சல்ல மனுஷன் பாட்டு பாதி முங்கிப்போகும். கன்னிவாடி வரைக்கும் கேக்கும். இங்கே கமலை எறைச்ச அத்தனை பேருக்கும் தெரியும். அம்மா கருப்பம்மா, உருளை கத்திக் கேட்டியா?"

கருப்பம்மாள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நாட்டாமையின் முகம் மாறியது. அவரும் கமலை ஓட்டி வளர்ந்தவர்தான். மூன்று வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்டவர்தான்.

"மீரான், ஏறிப் பாரு."

மீரான் கமலைத் தூணில் ஏறினான். "உருளை எப்படிக் கத்தும் அண்ணே? உள்ளே குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு மாளிகை. குடியிருந்த தலைமுறையெல்லாம் பறந்து போயிருச்சு." உருளையைத் தள்ளினான். அசையவில்லை. "டாக்டர், இந்த அடைப்பு எந்தத் தேதியில டப்புன்னு வந்துச்சுன்னு சர்டிபிகேட் தருவீங்களா?"

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். கஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மோட்டார் வந்தப்பவே மாட்டை வித்தாச்சு," என்றார் சிங்கராயர். "இல்லாத மாட்டைப் பூட்டி, ஓடாத கமலையை ஓட்டியிருக்கார் இந்த மனுஷன். சரிவைப் போய்ப் பாருங்க. அம்புட்டும் இவர் ஒருத்தர் கால் தேய்ச்ச தேய்ப்பு. உத்திரத்துக்கப்புறம் பாட்டை நிறுத்தினது டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை. உடையப்பன் காதால கேட்டாரே, அது தெளிவுக்குச் சாட்சியில்லை. பத்திரம் பதிஞ்ச அன்னிக்கே புத்தி தவறியிருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சி."

"பொய்!" என்று கத்தினான் உடையப்பன். "அந்தாளு சொல்றது பொய். ராமுத்தாயியைக் கேளுங்க. மாடு இருந்துச்சுன்னு அதுதான ஊருக்குச் சொல்லுச்சு? என்ன ராமுத்தாயி, உங்கப்பன் என்ன பைத்தியமா? உம்மகளைக் கட்டப்போறவுக இங்கதான் நிக்கிறாக. வாயைத் திறந்து சொல்லு!"

பாவி, சரியான இடத்தில் கத்தியை வைத்தான். ராமுத்தாய் சேவுகம்பட்டிக்காரர்களைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். மகள் மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மீரானுக்கு ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை.

"மாடு இல்லை," என்றாள் ராமுத்தாய். முதலில் சத்தமே வரவில்லை. மறுபடியும் சொன்னாள். "மாடு இல்லைங்க. நான்தான் மறைச்சேன். மூணு வருசமா எங்கப்பாவுக்கு நேத்து நடந்தது இன்னிக்குத் தெரியாது. பேத்தி பேரு தெரியாது. யாரு வந்தாலும் பின்னாடி நின்னு நான் சொல்லிக்குடுப்பேன், அவரு பேசுவாரு. பைத்தியம்னு பேரு வந்திரக் கூடாதுன்னு பயந்தேன். என் பயந்தான் இவன் கையில பத்திரமாயிருச்சு."

அப்போதுதான் பெருமாள்சாமி வந்தார். சாட்சிக் கூட்டம், சர்டிபிகேட், சம்பந்தம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. உடையப்பனைக் கண்டதும் நின்றார். முகமெல்லாம் மலர்ந்தது. ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே! நீ சொன்ன மாதிரியே கையெழுத்துப் போட்டுட்டேன்ல? இப்பவாச்சும் எங்கூடப் பேசுவியா? இனி கோவமில்லையே?"

உடையப்பனின் அப்பன், பெருமாள்சாமியின் கூடப்பிறந்த அண்ணன், வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்திப் பேசாமலே செத்துப்போனவன். அவனை இங்கே இருந்த பாதிப்பேர் சுடுகாட்டுக்குத் தூக்கியவர்கள். தன்னை அண்ணன் என்று நினைத்த ஒரு பேதையிடம் அண்ணனாகவே நடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான் இந்தப் பயல். இதைச் சிங்கராயரே எதிர்பார்க்கவில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்து மீரான் தெரிந்துகொண்டான்.

உடையப்பன் கையை உதறிக்கொண்டான். மடிப்புக் கலையாத சட்டையில் வியர்வை பரவியது.

நாட்டாமை எழுந்தார். "செத்தவனுக்குப் போட்ட கையெழுத்தைக் கொண்டாந்து எங்கிட்டயா காட்டுறே, எச்சக்கலை நாயே? கோர்ட்டுக்குப் போறதுன்னா போ. ஊரே வந்து சாட்சி சொல்லும். இந்த வரப்புல இனி உன் காலு படக் கூடாது." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க நாற்காலியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

சேவுகம்பட்டிக்காரர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நகர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டம் தங்கியும் அவர்கள் தங்கவில்லை. தென்னைக் குலையை எண்ண வந்தவர்களுக்கு வேறென்ன தெரியும் என்று மீரான் பல்லைக் கடித்தான்.

அண்ணன் ஏன் கையை உதறினான் என்று புரியாமல் பெருமாள்சாமி கொஞ்ச நேரம் நின்றார். அதுவும் மறந்துவிட்டது போலிருக்கிறது. துண்டை உதறித் தலையில் கட்டினார். கமலைச் சரிவுக்குப் போனார். இல்லாத மாடுகளின் முதுகைத் தட்டினார், இல்லாத வடத்தில் சாய்ந்தார், பாட்டை எடுத்தார். அதே கணீர்க் குரல். மூன்று வருஷமாக அந்தக் குரலில் கண் விழித்த ஊர், முதல்முறையாக அதைக் கண்ணால் பார்த்தது. கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சரிவின் அடிவரை போய் நின்று பெருமாள்சாமி திரும்பிப் பார்த்தார். கிணற்றையும் காய்ந்த வாய்க்காலையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கலக்கம் வந்தது.

"ஆத்தா ராமுத்தாயி! தண்ணி வருதா?"

பஸ் பிடிக்கப் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த ராமுத்தாய் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு நாளும் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று அடிக்குரலில் சொன்ன பதிலை அன்று ஊர் முழுக்கக் கேட்க உரக்கச் சொன்னாள்.

"வருதுப்பா! நெறையா வருது. நீங்க ஓட்டுங்க."